தலை கழன்ற எறும்பு

"சார், தலை கழண்டு விழுந்துருச்சு," என்றாள் பொற்கொடி.

"யாருக்கு?"

"எறும்புக்கு சார். வேதமுத்து அய்யா எறும்புக்கு."

எட்வின் சார் டீயைக் கீழே வைத்தார். "உன் தலை இருக்குல்ல? உக்காரு."

அவள் உட்காரவில்லை.

அது கல்லூரியின் பூச்சி அருங்காட்சியகம். நுழைந்தாலே அந்துருண்டை நாற்றம். சுவரில் மாலை போட்ட வேதமுத்து அய்யா. எட்வின் சாருக்கு வாத்தியார். காட்டில் அந்த எறும்பைப் பிடித்தவர் அவர்தான்.

தலை ஒரு வகை எறும்பு மாதிரி, இடுப்பு வேறொரு வகை மாதிரி. எந்தப் பேரினத்திலும் அடங்கவில்லை. பேரினம் என்றால் எறும்புகளுக்குக் குடும்பப் பேர் மாதிரி. எட்வின் சார் அதற்கென்றே ஒரு புதுப் பேரினம் உண்டாக்கி, வாத்தியார் பேரை வைத்தார். வாத்தியாருக்கும் பேர், இவருக்கும் பேர்.

பொற்கொடி எட்வின் சாரின் ஆராய்ச்சி மாணவி. மாணவி என்றதும் சின்னப் பொண்ணு என்று நினைக்க வேண்டாம். பொற்கொடிக்கு நாற்பது வயசு. பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு வந்தவள். வேறு பேரினங்களில் கிடந்த எறும்புகளை, தலை ஒத்துப்போகிறது என்று இந்தப் பேரினத்துக்கு மாற்றியிருந்தாள். அவள் ஆய்வேடு முழுக்க அதுதான். திங்கட்கிழமை கொடுக்க வேண்டும்.

"போட்டோ எடுக்கலாம்னு ஊசியால லேசாத் திருப்பினேன். பொட்டுனு விழுந்துருச்சு."

"பழைய எறும்பு. விழும்."

"விழுந்தாப் பரவால்ல சார். கழுத்துல பசை இருக்கு."

சார் டீயை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"எறும்பை அட்டையில ஒட்டி வைக்கத்தான பசை? கழுத்துல எதுக்கு? மைக்ராஸ்கோப்புல வச்சிருக்கேன். வந்து பாருங்க."

"நீயே சொல்லு."

"அந்த உடம்புக்கு இந்தத் தலை சேராது சார். ரெண்டு எறும்பு. தலை ஒண்ணோடது, உடம்பு இன்னொண்ணோடது. உடைஞ்சு கிடந்ததை ஒட்டும்போது அய்யா தலையை மாத்தி ஒட்டிட்டார்."

"சரி. அதனால?"

"அதனாலயா? இப்படி ஒரு எறும்பே கிடையாது சார். அப்புறம் பேரினம் எங்க இருந்து வரும்? நான் மாத்துனது எல்லாம் பழைய இடத்துக்கே போகணும். என் ஆய்வேட்டைக் கிழிச்சுப் போட வேண்டியதுதான். எங்க வீட்டுக்காரர் இப்பவே, எறும்பு டாக்டரம்மா சாப்பிட வாங்கன்னு கூப்பிடறார்."

சார் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

"இன்னொண்ணும் இருக்கு சார். பசை ரெண்டு விதமா இருக்கு. அடியில பழுப்பா, அய்யா காலத்துப் பிசின். அதுக்கு மேல கண்ணாடி மாதிரி வேற ஒண்ணு, புதுசு. எனக்கு முன்னாடியே ஒரு தடவை விழுந்திருக்கு. யாரோ எடுத்து ஒட்டியிருக்காங்க."

சார் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். மாலை பிளாஸ்டிக் மாலை.

"எந்தப் பாவியோ. பார்த்துட்டு வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கான். அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருந்தா நான் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டேன்."

"ம்."

"இப்ப நான் என்ன செய்யட்டும் சார்?"

சார் மேசை டிராயரைத் திறந்தார். சின்னதாக ஒரு பசை பாட்டிலை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

பொற்கொடி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

டீயில் ஆடை படிந்தது.

அவள் உட்கார்ந்தாள். மூடியைத் திருகினாள்.

"கொஞ்சமா வை," என்றார் சார். "நான் நிறைய வச்சுட்டேன்."