அரசரின் கையைப் பிடித்தவன்

மழைக்கும் வெள்ளத்துக்கும் குறைவில்லாத மாறன்துறை நாட்டை முன்னொரு காலத்தில் சேந்தவர்மர் என்ற அரசர் ஆண்டுவந்தார். நல்லவர்தான், ஆனால் நினைத்தது நடந்தாக வேண்டும். ஆடிப்பெருக்கன்று அரசர் நட்டாற்றுக்குப் போய்க் காப்பரிசி தூவுவது அந்நாட்டு வழக்கம். அந்த ஆண்டு வெள்ளம் கரை தொட்டு ஓடியது. ஓடக்காரன் வீரணன் வேண்டாம் என்றான். அரசர் கேட்கவில்லை. சின்ன மகள் அமுதியையும் ஏற்றிக்கொண்டு, "தள்ளு ஓடத்தை" என்றார். ஓடம் கவிழ்ந்தது. வீரணன் அரசரை இழுத்துக் கரைசேர்த்தான். அமுதியை ஆறு கொண்டுபோய்விட்டது.

மகளின் காரியம் முடிந்து அவைக்கு வந்தார் அரசர். "தடுக்க முடிந்தும் தடுக்காதவன் குற்றவாளி. வீரணன் துடுப்புப் போட மறுத்திருக்கலாம். அவன் தலை போகட்டும். கடவுள் என்னைத் தடுத்திருக்கலாம்; கோயிலைப் பூட்டுங்கள்."

வீரணனின் மனைவி கைக்குழந்தையோடு அரண்மனை வாசலில் நிற்பதைப் பார்த்துவிட்டுத்தான் அமைச்சர் உலகுடையார் உள்ளே வந்திருந்தார்.

அமைச்சர் பதவிமேல் வெகுநாளாகக் கண் வைத்திருந்த தண்டநாயகர் கங்கேயர் எழுந்தார். "மன்னா, நம் அமைச்சர் மூச்சுக்கு முந்நூறு முறை கடவுளே என்பவர். கடவுளுக்காக அவரே பதில் சொல்லட்டுமே. முடியாவிட்டால் பதவியை விட்டு வீட்டுக்குப் போகட்டும்."

"சொல்லுங்கள், அமைச்சரே. கடவுள் ஏன் தடுக்கவில்லை?" என்றார் அரசர்.

"சொல்கிறேன், மன்னா. நல்ல பிடியுள்ள காவலன் ஒருவன் வேண்டும். இன்று உச்சிவேளை வரை தங்கள் கை எந்தத் தவறு செய்யப் போனாலும் அவன் பிடிப்பான். தாங்கள் கேட்கும் கடவுள் அப்படித்தானே இருக்க வேண்டும்?"

அரசர் ஒப்புக்கொண்டார். மல்லன் போலிருந்த பொத்தப்பன் அருகில் வந்து நின்றான்.

மோர் புளிக்கிறதென்று அரசர் குவளையைப் பணியாள்மேல் வீசப் போனார். பொத்தப்பன் பிடித்தான். கங்கேயர் சிரித்தார். "என்னய்யா சிரிப்பு?" என்று அரசர் அவரை அறைய ஓங்கினார். மறுபடி பிடித்தான்.

"அடேய், இது தவறே இல்லை!"

"எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது, மன்னா. ஆனால் அமைச்சர் உத்தரவு."

பிறகு வீரணனின் மரண ஓலை வந்தது. அரசர் முத்திரை மோதிரத்தை அரக்கில் அழுத்தக் குனிந்தார். பொத்தப்பன் மணிக்கட்டை இறுக்கினான்.

"விடுடா! என் கை! நான் அரசனா, உன் பொம்மையா?"

உலகுடையார் கைகூப்பினார். "மன்னா, அன்று துறையில் வீரணனும் தங்கள் கையைப் பிடித்தான். அப்போதும் இப்படித்தான் கத்தினீர்கள். கடவுளே வந்து பிடித்திருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பீர்கள். ஒரு காலைப்பொழுதுகூடத் தங்களால் பொறுக்க முடியவில்லை. வாழ்நாள் முழுக்க யார் பொறுப்பார்? அதனால்தான் அவர் நம் கையை நம்மிடமே விட்டுவிட்டார் என்று நினைக்கிறேன்."

அரசர் கேட்டார்: "சரி. விடு என்று கத்தியவன் நான். அமுதி கத்தவில்லையே. அவளை ஏன்?"

வினை, விதி, சோதனை என்று படித்த விடைகளெல்லாம் அமைச்சரின் நாக்குவரை வந்தன. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு ஒன்றைக்கூடச் சொல்ல முடியவில்லை.

"தெரியவில்லை, மன்னா."

"தோற்றார்!" என்று துள்ளினார் கங்கேயர்.

"உட்காரும். மகள் போன நாளிலிருந்து என்னிடம் பொய் சொல்லாதவர் இவர் ஒருவர்தான். வீரணன் என் கையைப் பிடித்தபோது நீர் என்ன சொன்னீர்?"

கங்கேயர் முனகினார். "அரசரைத் தொட்டவனை அடியுங்கள் என்றேன்."

"இனி உமக்குத் துறையில்தான் வேலை. வெள்ளம் வந்தால் அங்கே நின்று, போகாதே என்று ஒவ்வொருவரிடமும் சொல்லும். திட்டுவார்கள். வாங்கிக்கொள்ளும்."

மரண ஓலையைப் பிடிபடாத இடக்கையால் தரையில் தள்ளினார் அரசர். அமைச்சருக்கு முத்துமாலை போடச் சொன்னார். "வீரணனை வீட்டுக்கு அனுப்புங்கள். கோயிலையும் திறந்துவிடுங்கள். நான் வரமாட்டேன். மற்றவர்கள் போகட்டும்."

உச்சிவேளை முரசு ஒலித்தது. பொத்தப்பன் அமைச்சரைப் பார்த்தான். "ஐயா, பிடியை விடட்டுமா?"

உலகுடையார் தலையசைப்பதற்குள் அரசர் சொன்னார்.

"இன்னும் கொஞ்ச நேரம் பிடித்திரு."