ஸ்கிரீனை யார் பக்கம் திருப்புவது?

திருப்பூரில் தொழில் சொல்லித் தருகிறவர் யாராக இருந்தாலும் மாஸ்டர்தான். துணி வெட்டுகிறவர் மாஸ்டர், டீ ஆற்றுகிறவர் மாஸ்டர். அதனால் ஐம்பத்து நான்கு வயது நாச்சிமுத்து, தன்னைவிட இருபது வயது இளைய ஃபர்சானாவை மாஸ்டர் என்று கூப்பிட்டதில் யாருக்கும் வியப்பில்லை. அவள் அவரை அண்ணா என்றாள். கேட்லாக்குக்குத் துணிமணிகளைப் படம் எடுக்கும் ஸ்டுடியோ அவளுடையது.

நாச்சிமுத்து கல்யாண வீடுகளில் பேர் வாங்கிய போட்டோகிராபர். இரண்டு வருடத்துக்கு முன் முகவாதம் வந்து வாய் இடப்பக்கம் இழுத்துக்கொண்டது. உடம்பு தேறியது, வாய் மட்டும் நேராகவில்லை. "சிரிங்க" என்று சொல்கிற வாயே கோணினால் மாப்பிள்ளை எங்கே சிரிப்பான்? பனியனும் டவுசரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை என்றுதான் இங்கே வந்து சேர்ந்தார்.

வந்த முதல் நாளே ஒரு கேள்வி கேட்டார். கேமராவிலிருந்து ஒரு நீள ஒயர் தரையில் ஓடி லேப்டாப்பில் செருகியிருந்தது. ஒவ்வொரு படமும் எடுத்த கையோடு ஸ்கிரீனில் பெரிதாக வந்து நின்றது.

"எதுக்குங்க மாஸ்டர் இந்த ஒயரு? கண்ணு மூடுன படம், வாயைப் பொளந்த படம் எல்லாம் ஊரே பாக்குது. நானா இருந்தா மண்டபத்தை விட்டு வர்றதுக்குள்ளயே அழிச்சுப்போடுவேன்."

"மொதல்ல அதைக் கால் தட்டாம பாத்துக்குங்கண்ணா" என்றாள் ஃபர்சானா.

ஒரு நாள் சுலோச்சனா என்ற பெண் வந்தாள். வீட்டிலேயே நைட்டி தைத்து விற்கிறவள். மாடலுக்குக் கொடுக்க வசதியில்லை, தானே போட்டுக்கொண்டு நின்றாள். முதல் படத்தில் கண் மூடியிருந்தது. அது ஸ்கிரீனில் வந்ததுதான் தாமதம், நாச்சிமுத்து பாய்ந்து லேப்டாப்பைப் பட்டென்று மூடிவிட்டார். பழைய கல்யாண வீட்டுக் கை. அவரைப் பொறுத்தவரை அது உபகாரம்.

சுலோச்சனாவின் முகம் வாடிவிட்டது.

"அவ்வளவு அசிங்கமாவாங்க இருக்குது?"

அதன் பிறகு எடுத்த படங்களில் எல்லாம் அவள் தண்டனை வாங்க வந்தவளைப் போல நின்றாள். ஃபர்சானா கேமராவை வைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்து, அந்தக் கண் மூடின படத்தை அவள் பக்கமே திருப்பிக் காட்டினாள். சுலோச்சனா குனிந்து பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"அய்ய, நின்னுட்டே தூங்கறேன்!"

அடுத்த படமே கேட்லாக்குக்குப் போனது. நாச்சிமுத்து மூலையில் போய் நின்றுகொண்டார். ஃபர்சானா அவரைக் கடிந்துகொள்ளவில்லை.

அன்று மத்தியானம் அவர் மகள் கோகிலவாணி ஓசூரிலிருந்து வீடியோ காலில் வந்தாள். அவளுக்கு அடுத்த மாதம் கல்யாணம். நாச்சிமுத்து எப்போதும்போல, தன் முகம் தெரியாதபடி போனை மல்லாக்க மேஜைமேல் வைத்துவிட்டுப் பேசினார். இரண்டு வருடமாக இதுதான் வழக்கம். அவள் நேரில் வந்தால் மாஸ்க் போட்டுக்கொள்வார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை.

"அப்பா, ஃபேன் நல்லாச் சுத்துதுப்பா" என்றாள் மகள். "நீங்க எப்படி இருக்கறீங்க?"

"நல்லா இருக்கறேன் கண்ணு."

"மேடையில எம்பக்கத்துல நிப்பீங்கல்ல?"

"நான் மேடை ஏறிட்டா படம் யாரு எடுக்கறது?"

"சரிங்கப்பா" என்று வைத்துவிட்டாள்.

ஃபர்சானா டிபன் டப்பாவைத் திறந்தபடி கேட்டாள். "நெசமாவே படம் எடுக்கத்தானாண்ணா?"

"இல்லீங்க." அவர் தலை நிமிரவில்லை. "ஆல்பம்கறது ஆயுசுக்கும் கெடக்கும். பேரன் பேத்தியெல்லாம் பொரட்டிப் பாக்கும். அதுல எதுக்கு இந்தக் கோண வாயி?"

சாப்பிட்டு முடித்ததும் ஃபர்சானா ஸ்டூலை இழுத்து லைட்டுக்கு முன்னால் போட்டாள்.

"புது லைட்டுண்ணா. டெஸ்ட் பண்ணோணும். உக்காருங்க."

"நானுங்களா?"

"வேற ஆளு இல்லீங்களே."

மாஸ்டர் சொன்னால் மறுக்க முடியாது. உட்கார்ந்தார். அவள் லேப்டாப்பை அவர் முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்தாள். கிளிக். படம் வந்து நின்றது. அவர் கண்ணை எடுத்துக்கொண்டார். இன்னொரு கிளிக். இந்த முறை ஓரக்கண்ணால் பார்த்தார். மூன்றாவது படத்துக்கு முகத்தைச் சுளித்தார்.

"என்னங்க லைட்டு இது? இவ்வளவு மேல வச்சா கண்ணுக்கு அடியில கருப்படிக்காதா? எறக்குங்க."

இறக்கினாள்.

"அந்த வெள்ளை அட்டையை எடப்பக்கம் புடிங்க. அங்கதான் இருட்டா விழுகுது. இன்னுங் கிட்ட... போதும் போதும்."

பிடித்தாள். இப்படியே அவர் ஏவ, அவள் செய்ய, ஒவ்வொரு படத்துக்கும் அவர் ஒரு குற்றம் கண்டுபிடித்தார். வாயைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அது அங்கே இருப்பதே அவருக்கு மறந்துவிட்டது.

அட்டையைத் தள்ளி வைக்கப் போன ஃபர்சானாவின் காலில் ஒயர் மாட்டிக்கொண்டது. ஒற்றைக் காலில் நொண்டியடித்து, லைட் ஸ்டாண்டைக் கட்டிப்பிடித்து ஒருவழியாக நின்றாள்.

"கால் தட்டாம பாத்துக்குங்க மாஸ்டர்!" என்று நாச்சிமுத்து வாய்விட்டுச் சிரித்தார்.

விழப் போனவள் கேமராவை விடவில்லை. கிளிக்.

படம் வந்தது. நாச்சிமுத்து அதை வெகுநேரம் பார்த்தார். சிரிப்பு முகம் முழுவதும் இருந்தது. வாய் கோணித்தான் இருந்தது.

"சிரிப்பே போயிருச்சுன்னு நெனச்சுட்டு இருந்தனுங்க" என்றார். எழுந்து வந்து, என்ன செய்வதென்று தெரியாமல், அவளைப் பார்த்துக் கைகூப்பினார். "நீங்க மவராசியா இருக்கோணும்."

"லைட்டு சரியா வெச்சது நீங்கதானுங்கண்ணா."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தரையில் கிடந்த ஒயரை எடுத்து ஒழுங்காகச் சுருட்ட ஆரம்பித்தார்.

"கல்யாணத்துக்கு நீங்க வந்து படம் எடுப்பீங்களா மாஸ்டர்? நான் மேடையில நின்னுக்கறேன்."

"வாரேனுங்கண்ணா."

"ஒயரோடயா?"

"ஒயரோடதான்."

"அப்ப ஒரே ஒரு உதவி. ஸ்கிரீனை எம்பக்கம் திருப்பி வச்சிருங்க. எப்படி நிக்கறேன்னு பாத்துக்கறேன்."

ஃபர்சானா மறுத்துத் தலையசைத்தாள்.

"இல்லீங்கண்ணா. கோகிலா பக்கம்தான் திருப்பி வெப்பேன். அந்தப் புள்ள ரெண்டு வருசமா ஃபேனைத்தானே பாத்துட்டு இருக்குது."

நாச்சிமுத்துவின் கை ஒயரைச் சுருட்டுவதை நிறுத்தியது.