குழாயை அடைச்ச ஐயா

மில்லுக்காரர் சடையப்பர் கபடித் திடலைப் பூட்டிப்போட வந்தாரு, கூடவே நாயும் வந்துச்சு. நாய் குலைச்சா புள்ளைங்க நடுங்கும். அவரு குலைச்சா நாயே நடுங்கும். திடல் குழாயை முந்தின நாளே அடைச்சுட்டாரு.

"விளையாடினா பொழைக்கத் தெரியும்னு சொன்னியாம்ல? எங்கே, எனக்கு ஒரு பொருளை வித்துக் காட்டு, பூட்டாம போறேன். ஆனா எனக்கு எதுவும் வேண்டாம்."

பொண்ணுங்க டீம் கேப்டன் பொன்னரசி சுத்திமுத்திப் பாத்தா. திடல் போனா பொண்ணுங்க எல்லாம் அவரு மில்லு வேலைக்குத்தான் போகணும். கையில இருந்தது பாதி பாட்டில் தண்ணி.

"ஐயா அந்தக் காலத்துல கபடி பாடிப்போனா மூச்சே விடமாட்டீங்களாமே. எங்களுக்கு நம்பிக்கையில்லைங்க."

"என்னடி சொன்ன?"

மீசையை முறுக்கிக்கிட்டு, உச்சி வெயில்ல கோட்டுக்குக் கோடு "கபடி கபடி"ன்னு பாடிக்கிட்டே ஓடினாரு. கண்ணு பிதுங்கிச்சு, நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு. நாய் பயந்து பின்னால போச்சு. ஓடிப்போய்க் குழாயைத் திருகினாரு, காத்துதான் வந்துச்சு.

"தண்ணி குடு தாயி."

பொன்னரசி பாட்டிலை நெஞ்சோட அணைச்சுக்கிட்டா. "இது குடுக்குறதுக்கில்லைங்க ஐயா. விக்கிறதுக்கு."

"என்ன வெல?"

"உங்க கையில இருக்கே, அந்தப் பூட்டு."

பூட்டு கைமாறிச்சு. அவரு குடிச்சு வெச்ச மிச்சத்தை நாய்க்கு ஊத்தினா பொன்னரசி, ஓசியிலேயே.