காக்கைக்குப் போர்த்திய சால்வை

அந்தக் காலத்தில், காக்கை ஏதாவது கேட்டால் மனிதர்கள் நின்று பதில் சொல்லிவிட்டுப் போன காலத்தில், எங்கள் மாநகரத்துக் காக்கைகள் தலையிலிருந்து வால் வரை ஒரே கறுப்பு. கழுத்தில் சாம்பல் நிறம் கிடையாது. அது எப்படி வந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை அளப்பார்கள். நம்பாதீர்கள். நடந்தது இதுதான்.

அப்போது நகரத்தில் கரண்ட் போகாத நாளே இல்லை. போனால் போதும், கட்டிடத்துக்குக் கட்டிடம் டீசல் ஜெனரேட்டர் உறுமும். அப்பப்பா, அந்தப் புகை! மாடியில் காயப்போட்ட வெள்ளைச் சட்டையை எடுக்கும்போது அது யார் சட்டை என்றே தெரியாது.

பூஞ்சோலை அடுக்ககம் என்று ஒன்று இருந்தது. பெயர்தான் பூஞ்சோலை, இருந்தது ஒற்றை வேப்பமரம். மரத்தடியில் ஜெனரேட்டர். மரத்து மேலே மையாள் என்ற காக்கையின் கூடு. கூட்டில் இரண்டு குஞ்சுகள். அதில் சின்னது புகையில் இருமி இருமி, ஊட்டிய இரையை விழுங்கக்கூட முடியாமல் துவண்டு கிடந்தது.

"இந்தப் புகை இன்னும் கொஞ்ச நாள் அடிச்சா என் பிள்ளை தங்காது" என்று மையாள் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி அழுதாள்.

அடுக்ககத்துச் செயலாளர் மரகதவல்லிக்கும் அந்தப் புகையைக் கண்டால் ஆகாது. வீடு வீடாக ஏறி இறங்கி, எல்லாரையும் பேசிக் கரைத்து, மொட்டைமாடியில் சோலார் பேனல் வைத்துவிட்டாள். ஜெனரேட்டரைப் பெற்ற பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொண்ட கோதண்டம் மட்டும் ஒத்துவரவில்லை.

"வெயில் தண்ணி ஏத்துமாம்மா? நல்லா இருக்கு கதை! நாளைக்கு மத்தியானத்துக்குள்ள உங்க வெயில் மேல்தொட்டியை நிரப்பட்டும், நானே இந்த ஜெனரேட்டரை வெளியே தள்ளிட்டுப் போறேன். நிரம்பலைன்னா மாடியில இருக்கிற உங்க கண்ணாடித் தகட்டை எல்லாம் கழட்டிடணும். சம்மதமா?"

"சம்மதம்" என்றாள் மரகதவல்லி. கிளையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த மையாளுக்கு உயிர் வந்தது.

மறுநாள் காலையிலேயே சித்திரை வெயில் சுள்ளென்று அடித்தது. அந்த வெயிலைப் பார்த்துவிட்டு வடகம் போடாமல் இருக்க எங்கள் ஊரில் யாராலும் முடியாது. மரகதவல்லி கூழைக் கிண்டி எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். பேனல்கள் வழவழவென்று, தூசு தும்பு இல்லாமல், வெயிலைப் பார்த்துச் சாய்ந்திருந்தன. இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்?

"நம்ம வெயில்தானே, ரெண்டு வேலையும் பார்க்கட்டும்" என்று சொல்லி, பழைய எட்டு முழ வேட்டியை நனைத்துப் பேனல் மேலேயே விரித்தாள். கெட்டிக் கூழைக் கரண்டி கரண்டியாக ஊற்றிவிட்டுக் கீழே இறங்கினாள்.

கீழே அடுக்ககமே கூடியிருந்தது. மோட்டார் சுவிட்சைப் போட்டாள். மோட்டார் முனகிவிட்டுப் படுத்துக்கொண்டது. நேரம் போனது, வெயில் உச்சியை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது, தொட்டியில் சொட்டுத் தண்ணீர் விழவில்லை. கோதண்டம் தோள் துண்டால் ஜெனரேட்டரைத் துடைக்க ஆரம்பித்தான்.

மையாள் மாடிக்குப் பறந்து போய்ப் பார்த்தாள். பார்த்த வேகத்தில் திரும்பி வந்தாள்.

"அக்கா! வேட்டியை எடுங்க! வெயிலைக் குடிச்சாத்தானே பேனல் வேலை செய்யும்? அது வாயைப் பொத்தி வச்சிருக்கீங்களே!"

மரகதவல்லி இருந்த எரிச்சலில் சீறினாள். "அடியே, உன்னை எனக்குத் தெரியாது? போன வருஷம் என் வடகத்தைப் பூரா காலி பண்ணினவ யாரு? இப்பவும் அதுக்குத்தானே அடி போடுறே?"

எல்லாரும் சிரித்தார்கள்.

"சத்தியமா ஒரு வில்லை தொட மாட்டேன். வந்து பாருங்க அக்கா!"

"போடி, போ."

கோதண்டம் ஜெனரேட்டரைக் கிளப்பினான். மோட்டார் ஒயரை இன்னும் அதற்கு மாற்றவில்லை, முதலில் சூடேறட்டும் என்று விட்டான். குபுகுபுவென்று புகை கிளம்பி நேராகக் கூட்டுக்குள் போனது. சின்னக் குஞ்சு வாயைத் திறந்து திறந்து மூடியது.

அதைப் பார்த்த பிறகு மையாள் யாரையும் கேட்கவில்லை. ஒரே பாய்ச்சலில் மாடிக்குப் போய் வேட்டி முனையைக் கவ்வி இழுத்தாள். ஈர வேட்டி, மேலே கூழ், அசையவே இல்லை. கால் வழுக்கியது. மறுபடி கவ்வினாள்.

"ஐயோ, என் வடகம்! திருட்டுக் காக்கா!" என்று மரகதவல்லி துடைப்பத்தோடு படியேறி ஓடிவந்தாள். முதுகில் ஓர் அடி விழுந்தது. மையாள் விடவில்லை. இன்னொன்று விழுந்தது. அப்போதும் விடவில்லை. சரசரவென்று வேட்டி மொத்தமும் சரிந்து அவள் மேலேயே விழுந்தது. கிழிசல் வழியாகத் தலை மட்டும் வெளியே வந்தது. கழுத்தெல்லாம் கூழ்.

கீழே மோட்டார் உர்ரென்று ஓடியது. மாடியில் தொட்டிக்குள் தண்ணீர் தொபதொபவென்று கொட்டியது.

மரகதவல்லியின் கையிலிருந்து துடைப்பம் நழுவியது. கீழே கிடந்த வடகத்தைப் பார்த்தாள். ஒரு வில்லையில்கூட மூக்கு பட்ட அடையாளம் இல்லை.

"அட என் மகராசி! தப்பு பண்ணினது நான், அடி வாங்கினது நீயா?" என்று மையாளை வாரி எடுத்தாள். வெயில் ஏற்றிய அந்தத் தண்ணீரிலேயே கழுவினாள். கூழ் போனது. ஆனால் இறகில் வருஷக்கணக்காகப் படிந்த கரியும் வெள்ளைக் கூழும் கலந்து பிடித்த சாம்பல் நிறம், எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.

"மத்த காக்கைங்க சிரிக்குமே அக்கா" என்று மையாள் தேம்பினாள்.

"யாரு சிரிக்கிறதுன்னு நானும் பார்க்கிறேன்! எங்க ஊர்ல பெரிய காரியம் பண்ணினவங்களுக்குத்தான் கழுத்தைச் சுத்திச் சால்வை போர்த்துவோம். தலையை நிமிர்த்திட்டுப் போடி."

மத்தியானத்துக்குள் மேல்தொட்டி நிரம்பி வழிந்தது. கோதண்டமும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். ஜெனரேட்டரை அணைத்து, தானே அதை வாசலுக்கு வெளியே தள்ளினான். அதன் பிறகு தினமும் காலையில் பேனல் துடைக்கிற வேலையை அவன் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. சாயங்காலம் வேப்பமரத்தில் சின்னக் குஞ்சு தலையைத் தூக்கி, "அம்மா, பசிக்குது" என்றது.

காக்கை வாயில் விஷயம் தங்குமா? தெருத்தெருவாகச் சேதி பரவியது. மாடிக்கு மாடி பேனல் ஏறியது. ஜெனரேட்டர்கள் ஒவ்வொன்றாக வாசலைத் தாண்டின. புகையில்லாத அந்த நகரத்தில் பொரிந்த குஞ்சுகளெல்லாம் மையாளின் நிறத்தோடு வளர்ந்தன.

அன்று முதல்தான் எங்கள் ஊரில் பேனல் மேல் யாரும் துணி விரிப்பதில்லை, வடகம் ஊற்றினால் முதல் கரண்டி காக்கைக்குப் போகிறது. காட்டில் இருக்கிற அண்டங்காக்கை இன்றும் முழுக் கறுப்புத்தான். நகரத்துக் காக்கை மட்டும் சால்வை போர்த்திக்கொண்டு, சாய்ந்த பேனலின் விளிம்பில், அது தன் சொந்த வெயில் என்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறது.