சம்பந்தமில்லை என்று ஒரு விளம்பரம்

செய்யாற்றங்கரையில் இருந்த அந்தச் சின்ன மடத்தில் அறிவுரைக்கு மட்டும் எப்போதும் பஞ்சம். குரு அதிகம் பேச மாட்டார். அவருடைய சீடர்களில் ஒருவர் மாசிலாமணி. ஆரணியில் பெயிண்ட் கடை வைத்திருப்பவர், குருவை விடப் பன்னிரண்டு வயது மூத்தவர்.

அன்று காலை அவர் ஒரு தாளோடு வந்தார். மூன்று நாள் தூங்காத முகம்.

"இதைப் பேப்பர்ல போடப் போறேன் சாமி. ஒரு தடவை பார்த்துக் கொடுங்க."

குரு வாங்கிப் படித்தார். மாசிலாமணியின் மகள் இலக்கியா தன் விருப்பப்படி வீட்டை விட்டுப் போய்விட்டாளாம். இனி அவளுக்கும் குடும்பத்துக்கும் எவ்விதச் சம்பந்தமும் இல்லையாம். அவள் செய்யும் எதற்கும் பெற்றோர் பொறுப்பில்லையாம்.

"பொண்ணு இப்ப எங்க?"

"சேலத்துல. போலீஸ் கண்டுபிடிச்சுக் காப்பகத்துல விட்டிருக்காங்க. பதினெட்டு ஆகலை, பெத்தவங்கதான் பொறுப்பு, வந்து கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டுப் போங்கன்னு போன் மேல போன். அவ இப்படி ஓடிப்போறது இது மூணாவது தடவை சாமி. எத்தனை தடவைதான் தலைகுனிஞ்சு நிக்கிறது? தலைமுழுகிடலாம்னு இருக்கேன்."

குரு பேனாவை எடுத்தார்.

"அடையாளம் எதுவும் எழுதலையே. எந்த இலக்கியான்னு ஊருக்குத் தெரிய வேணாமா? சொல்லுங்க, எழுதுறேன்."

மாசிலாமணி யோசித்தார். "மாநிறம். இடது புருவத்துல ஒரு தழும்பு. சைக்கிள் பழகும்போது விழுந்தா. நான்தான் பழக்கினேன்."

"உயரம்?"

"என் தோள் வரைக்கும்..." நிறுத்தினார். "இப்ப இன்னும் வளர்ந்திருப்பா."

"போன அன்னைக்கு என்ன டிரெஸ்?"

"தெரியலை சாமி."

"நீங்க வீட்லதானே இருந்தீங்க?"

"இருந்தேன். எதிர்ல வந்து நின்னா. ஏதோ சொல்ல வந்தா போல. நான் நிமிர்ந்து பார்க்கலை." குரல் உடைந்தது. "பத்தாவது மார்க் வந்ததிலேர்ந்து நான் அவகூடப் பேசறதில்லை. ஒரு வருஷம் ஆச்சு. எதுவா இருந்தாலும் அவ அம்மா மூலமாத்தான்."

மகள் என்ன உடுத்திப் போனாள் என்று தெரியாமல் ஒரு தகப்பன் அழுவதைப் பார்ப்பது கொடுமை. குரு தேற்றவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

மாசிலாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் வீம்பு அவ்வளவு சுலபத்தில் ஆளை விடுமா?

"வக்கீலைக் கேட்டேன் சாமி. இந்த விளம்பரம் செல்லாதாம். அவளுக்குப் பதினெட்டு முடிய இன்னும் பதினாலு மாசம் இருக்கு. அதுவரைக்கும் எங்கேயிருந்து கூப்பிட்டாலும் நான் போய்த்தான் ஆகணுமாம்."

"ஆமாம்."

"அதுக்கப்புறம்?"

குரு தாளை அவர் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"அதுக்கப்புறம் யாரும் உங்களைக் கூப்பிட மாட்டாங்க."