எந்தக் குண்டு நல்ல குண்டு?

தவசிமுத்து பெட்ரோல் பங்க் முதலாளி. பக்கத்துத் தெருவில் திருட்டுப் போனதும் லைசென்ஸ் எடுத்து, கைத்துப்பாக்கி வாங்கி, தலையணைக்கடியில் வைத்துத் தூங்கினார். தூங்கினார் என்பது சும்மா பேச்சுக்கு. போன வாரம் அவர் மனைவி தங்கபுஷ்பம் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அதிலிருந்து மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

துப்பாக்கி சுடப் பழக்கும் எஸ்தர் மாஸ்டரிடம் வந்து நின்றார். மாஸ்டர் அவரைவிட ரொம்ப இளையவர்.

"முனை உருண்ட குண்டு நல்லதா, முனையில குழி வச்ச குண்டு நல்லதா மாஸ்டர்? நல்ல குண்டா போட்டுட்டேன்னு சொன்னா அவ தைரியமா திரும்பி வந்துருவா."

மாஸ்டர் சிரிக்கவில்லை. அதற்கே அவருக்கு ஒரு மெடல் குத்தலாம்.

"வாசல்ல தர்பூசணி விக்கிறாங்க. ஒரு மூட்டை வாங்கிட்டு வாங்க அண்ணாச்சி."

மண்மேட்டுக்கு முன்னால் பழங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, கடைசியில் ஒரு பலகையை நிறுத்தினார்கள். அண்ணாச்சி சுட்டார். உருண்ட முனை எல்லாப் பழத்தையும் துளைத்து, பலகையையும் துளைத்துக்கொண்டு போனது. பழங்களை மாற்றி வைத்து மறுபடியும் சுட்டார். குழி முனை முதல் பழத்துக்குள் விரிந்து அதைச் சிதறடித்தது. அடுத்த பழத்திலேயே தங்கிவிட்டது. பலகைக்கு ஒன்றும் ஆகவில்லை.

மிச்சப் பழத்தை வெட்டி இருவரும் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நல்ல இனிப்பு.

"அப்ப குழிக்குண்டுதான்," என்றார் அண்ணாச்சி, தாடையில் சாறு வழிய. "பின்னால நிக்கிறவங்களுக்கு ஆபத்து கம்மி. பட்டவன் எந்திரிக்க மாட்டான்."

"சரிதான். இதுவரைக்கும் எத்தனை திருடன் வந்தான்?"

"ஒருத்தனும் வரலை."

"யார் மேலயாவது நீட்டுனீங்களா?"

அண்ணாச்சி கையிலிருந்த பழத்துண்டைக் கீழே வைத்தார்.

"அவ தண்ணி குடிக்க எந்திரிச்சா மாஸ்டர். இருட்டுல எனக்குத் தெரியலை. நீட்டிட்டேன்."

"அப்ப துப்பாக்கிக்குள்ள குழிக்குண்டு இருந்து, நீங்க சுட்டிருந்தா?"

அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது.

"எனக்கு அவ வேணும் மாஸ்டர். நான் எந்தக் குண்டைத்தான் வாங்க? நீங்களே சொல்லுங்க."

மாஸ்டர் துப்பாக்கியை வாங்கி, குண்டுகளை வெளியே எடுத்துவிட்டு, தன் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

"குண்டுமல்லி. நாலு முழமா வாங்கிட்டு மாமியார் வீட்டுக்குப் போங்க. சீக்கிரம், பூக்கடை சாத்திரப் போறாங்க."