மதகுக் காவலரும் பச்சோந்தியும்

"என்னைப் பச்சோந்தின்னு சொல்லிட்டாங்கம்மா. ஆளுக்கு ஏத்த நிறமாம்."

குன்றேறி வந்த மூச்சு அடங்காமலே சொன்னார் வீரணன். ஏரி மதகைக் காக்கிறவர், ஐம்பது வயது. அவருடைய குரு சொர்ணத்தம்மை அவரைவிட இளையவர். ஆசிரமத்து வேலியில் காய்ந்த கொடிகளை அறுத்துக்கொண்டிருந்தார்.

"யார் சொன்னது?"

"மேலூர்க்காரங்க. கீழூர்க்காரங்களும்."

"ரெண்டு ஊரும் ஒத்துப்போனது இது ஒண்ணுலதான்."

வீரணனுக்குச் சிரிப்பு வரவில்லை.

கீழூரில் நெல் பால் பிடிக்கும் நேரம். மதகைத் திறக்கச் சொன்னார்கள். மேலூரில் ஆடுமாடுகளுக்குத் தண்ணீர் வேண்டும். திறக்கக் கூடாது என்றார்கள். கீழூரில் "திறக்கிறேன்" என்றார் வீரணன். மேலூரில் "திறக்க மாட்டேன்" என்றார். இன்று காலை சந்தையில் இரண்டு ஊராரும் பேசிக்கொண்டபோது குட்டு வெளிப்பட்டது.

"உச்சி வேளைக்கு எல்லாரும் மதகடிக்கு வராங்க. நான் என்ன சொல்லுவேன்?"

அம்மை அறுப்பதை நிறுத்தினார். வேலியில் ஒரு கிளையைக் காட்டினார். இலையோடு இலையாக ஒரு பச்சோந்தி.

அரிவாள் பிடித்த கையை மெல்ல அதன் அருகே கொண்டுபோனார்.

அதன் உடம்பு கறுத்தது. வாயைப் பிளந்தது.

"இலை நிறம் மாறிச்சா?"

"இல்லை."

"அப்ப இது ஏன் கறுத்துச்சு?"

"பயம்."

"எதை மறைக்குது?"

வீரணன் உற்றுப் பார்த்தார்.

"எதையும் மறைக்கலைம்மா. பயத்தைக் காட்டுது."

அம்மை கையை எடுத்துக்கொண்டார்.

"அவங்க வந்து கேட்டப்ப உங்களுக்கும் பயமா?"

"உயிர் போற பயம்."

"நீங்க என்ன காட்டினீங்க?"

பச்சோந்தியைப் பார்த்தபடியே வீரணன் சொன்னார்.

"சிரிச்சேன்."

அம்மை மறுபடி கொடியை அறுக்கத் தொடங்கினார்.

உச்சி வேளை. மதகின் இரு பக்கமும் ஆட்கள். சிலர் கையில் கம்பு.

"திறப்பியா, மாட்டியா?"

வீரணனின் உதடு பழக்கத்தில் சிரிக்கப் போனது. அடக்கிக்கொண்டார்.

"எனக்கு உங்க ரெண்டு ஊரையும் கண்டா பயம். இப்பவும் கால் நடுங்குது."

யாரோ ஏளனமாகச் செருமினார்கள். அவர் நிறுத்தவில்லை.

"ரெண்டு ஊருக்கும் போதுமான தண்ணி ஏரியில இல்லை. பத்து நாளா எனக்குத் தெரியும். சொன்னா அடிப்பீங்கன்னு சொல்லலை."

கூட்டம் அசையவில்லை. வீரணன் கண்ணை மூடிக்கொண்டார்.

கம்பு ஒன்று தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது.

"சரி," என்றது ஒரு குரல். எந்த ஊர்க் குரல் என்று அவருக்குத் தெரியவில்லை. "எவ்வளவு இருக்கு?"